இருபத்தேழும் இருபத்தெட்டும்

பிரைமரி சிக்ஸோடு என் படிப்பு முடிந்தது. ஜூரோங்கில் ஒரு பழைய உலோகக் கம்பெனியில் பதினெட்டு வருஷமாக வேலை. லாரியில் வந்து கொட்டுவதைத் தரம் பிரிப்பேன். காந்தம் ஒட்டுகிறதா பார்ப்பேன். அரத்தால் ஒரு இழுப்பு. மிச்சத்தைக் கை சொல்லிவிடும். ஈயம் ஒரு கனம், அலுமினியம் ஒரு கனம்.

போன வருஷம் ஒரு மெஷின் வந்தது. துப்பாக்கி மாதிரி இருக்கும். உலோகத்தின் மேல் வைத்து அழுத்தினால் உள்ளே என்னென்ன, எவ்வளவு என்று திரையில் காட்டும். எங்கள் பகுதியில் நாங்கள் இரண்டு பேர். நானும், உயர்நிலைப் பள்ளியில் ஓ லெவல் முடித்த ஒரு தம்பியும். மெஷின் ஒன்றுதான். ஒரு மாதத்தில் பரீட்சை, ஜெயிப்பவருக்கு மெஷின், மற்றவர் அட்டைப்பெட்டி பிரிக்கும் பக்கம் போக வேண்டும் என்றார் சூப்பர்வைசர்.

"அக்கா, நீங்க காந்தத்தோடயே இருங்க லா. இது சயின்ஸ்," என்றான் தம்பி.

"காந்தம் உன்ன விட நல்லா வேல செய்யுது," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா போனேன். சிராங்கூன் ரோட்டில் ஒரு கடையில் தனிம அட்டவணை சார்ட் கிடைத்தது, தமிழில். ஈசூன் வீட்டில், சமையலறைச் சுவரில் ஒட்டினேன். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு எண். மேலே ஒன்று, இரண்டு, மூன்று என்று போகிறது. கீழே எடை. இரும்பு இருபத்தாறு, செம்பு இருபத்தொன்பது, ஈயம் எண்பத்திரண்டு. கனத்தை வைத்துத்தான் வரிசை போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். என் கைக்குத் தெரிந்தது அதுதான்.

பத்து நாள் கழித்து ஒரு தப்பைக் கண்டுபிடித்தேன். கோபால்ட் இருபத்தேழு, நிக்கல் இருபத்தெட்டு. ஆனால் எடையில் கோபால்ட் கொஞ்சம் கூட, நிக்கல் குறைச்சல். அச்சடித்தவன் மாற்றி அடித்துவிட்டான். சார்ட்டைச் சுருட்டிக்கொண்டு அடுத்த ஞாயிறு கடைக்குப் போனேன்.

"அண்ணே, இது தப்பு. மாத்திக் குடுங்க."

கடைக்காரர் வேறொன்றை விரித்தார். அப்படியேதான் இருந்தது. வேறு கம்பெனி சார்ட்டை விரித்தார். அதிலும் அப்படியே.

"ஏம்மா, எல்லாருமா சேர்ந்து தப்பா அடிச்சிருப்பாங்க?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப எனக்கு மட்டும் தெரியுமா? நான் சார்ட் விக்கிறவன்."

திரும்பக் கொண்டு வந்தேன். பாலிடெக்னிக்கில் படிக்கும் மகளிடம் காட்டினேன். போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"மா, ஆர்டர் வெயிட் வச்சு இல்ல. மேல இருக்கிற நம்பர் வச்சு. உள்ள எத்தன புரோட்டான் இருக்கோ அத எண்ணி வச்சிருக்கு."

"எடை?"

"அது கூடும், குறையும். எண்ணிக்கை மாறாது. மாறினா அது வேற பொருள்."

அன்று சோறு வடிக்கும்போது அதையே நினைத்தேன். காலையில் கம்பெனி பஸ்ஸில் டிரைவர் தலையைத்தான் எண்ணுவார். யார் குண்டு, யார் ஒல்லி என்று பார்க்க மாட்டார். இருபத்தேழு பேர் என்றால் இருபத்தேழு பேர்தான். எனக்குப் புரிந்துவிட்டது. பதினெட்டு வருஷம் கையால் எடை பார்த்தேன். இந்த மெஷின் எடை பார்ப்பதே இல்லை. வெளிச்சம் அடித்து, திரும்பி வரும் வெளிச்சத்தில் எண்ணைப் படிக்கிறது என்றாள் மகள்.

மெஷினோடு கொடுத்த புத்தகத்தை அவளைப் படிக்கச் சொன்னேன். எண் சின்னதாக இருந்தால் திரும்பும் வெளிச்சம் மெலிசு, காற்றிலேயே போய்விடும் என்று போட்டிருந்தது. பன்னிரண்டுக்குக் கீழே இந்த மெஷினுக்குக் கண் தெரியாது. சார்ட்டில் அந்த இடத்தில் சிவப்புக் கோடு போட்டேன்.

பரீட்சை வைக்க வெளியிலிருந்து ஒரு சீன அம்மா வந்தார். மேஜையில் பத்துத் துண்டு. ஒன்பதில் இரண்டு பேருக்கும் ஒரே விடை. காந்தம் ஒட்டாத ஒரு எவர்சில்வர் துண்டில் நிக்கல் குறைந்து மாங்கனீஸ் ஏறியிருந்தது, மட்ட ரகம். அதையும் இரண்டு பேரும் பிடித்தோம்.

பத்தாவது, ஒரு எவர்சில்வர் குழாய். சாதா 304 ரகமா, கார்பன் குறைவான 304 எல் ரகமா என்று கேட்டார்.

தம்பி அழுத்தினான். "ஸ்கிரீன்ல கார்பன் ஒண்ணும் காட்டல. எல்," என்றான்.

நான் மெஷினைத் தொடவில்லை.

"இத இந்த மெஷின் சொல்லாது," என்றேன்.

"ஏன்?"

"கார்பன் ஆறு. இது பன்னிரண்டுலேர்ந்துதான் பாக்கும். கார்பன் இருந்தாலும் காட்டாது, இல்லாட்டியும் காட்டாது. வேற டெஸ்டுக்கு அனுப்பணும்."

அந்த அம்மா எழுதிக்கொண்டார். பிறகு மெஷினை எடுத்து என் பக்கம் வைத்தார்.

தம்பி குழாயை மேஜையில் வைத்தான்.

"எங்க படிச்சீங்கக்கா?"

"கிச்சன்ல."

சிரித்துவிட்டான். நானும்.

மெஷின் பெட்டியில் பொறுப்பாளர் பெயர் ஒட்ட வேண்டும். டைப் அடித்துத் தருகிறேன் என்றார் சூப்பர்வைசர். வேண்டாம் என்றேன். மார்க்கர் வாங்கி என் பெயரை நானே எழுதி ஒட்டினேன், பெரிய எழுத்தில்.