மகாராணி கடித்தபோது பெரியம்மாவுக்கு வலிக்கவில்லை

"இவங்களுக்குக் கையில உணர்ச்சி இல்லாமப் போனது எப்போதிலிருந்து?"

டாக்டர் இதை என்னைப் பார்த்துத்தான் கேட்டார். பெரியம்மாவோடு ஒரே வீட்டில், ஒரே அறையில் படுத்து எழுகிறவள் நான். எனக்குப் பதில் தெரியவில்லை.

அது சும்மா கேட்ட கேள்வி இல்லை. அண்மையில் போன உணர்ச்சி என்றால் மாத்திரை கொடுத்துத் திரும்பக் கொண்டுவர வாய்ப்பு இருக்கிறது, நாள்பட்டதென்றால் கஷ்டம் என்று சொல்லிவிட்டுத்தான் கேட்டார். பெரியம்மாவின் இடது கை மேசைமேல் விரிந்து கிடந்தது. சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் லேசாக மடங்கியிருந்தன. அந்தக் கை செய்யும் வேலையில்தான் அவள் பிழைக்கிறாள்.

பெரியம்மா என் அம்மாவுக்கு அக்கா. கல்யாணமாகி ஒரே வருஷத்தில் திரும்பி வந்தவள். ஏன் என்று யார் கேட்டாலும், "அந்த ஆளு குறட்டை விடுவான்" என்பதோடு பேச்சை முடித்துவிடுவாள். வந்த மறுவாரமே ஒரு சலவை நிலையத்தில் இஸ்திரி போடும் வேலைக்குச் சேர்ந்தாள். கட்டடத்தில் தரைமட்டத்துக்குக் கீழே ஜன்னலே இல்லாத நீளமான அறை அது. விடுதிகளின் படுக்கை விரிப்புகளும் ஆஸ்பத்திரித் திரைச்சீலைகளும் மலைமலையாக வரும். வலது கையில் இஸ்திரிப் பெட்டி இருக்கும். இடது கை முன்னால் போய்ச் சுருக்கத்தை நீவிக்கொண்டே இருக்கும். சூட்டில் கொதிக்கும் பொத்தானையும் ஜிப்பையும் வெறும் விரலால் புரட்டிப் போடுவாள். மற்றவர்கள் துணியைச் சுற்றிக்கொண்டு தொடுவதை இவள் அப்படியே தொடுவாள். அதனால் அங்கே அவளுக்கு, தீயிலும் வேகாத கூரைத் தகட்டின் பெயரால், அஸ்பெஸ்டாஸ் என்று பெயர். "அஸ்பெஸ்டாஸ் அக்கா, இந்தப் பெட்டி வைக்கிற தட்டைக் கொஞ்சம் எடுத்துக் குடு" என்று கூப்பிடுவார்கள். பெரியம்மாவுக்கு அதில் பெருமைதான்.

கும்பிடுபூச்சி வளர்க்கும் பழக்கமும் அங்கிருந்துதான் வந்தது. மொட்டைமாடியில் காய்ந்து வந்த திரைச்சீலை மூட்டையிலிருந்து ஒன்று வெளியே வந்து, இஸ்திரி மேசையில் முன்கால்களைச் சேர்த்துக்கொண்டு நின்றதாம். சூப்பர்வைசர் செருப்பைக் கழற்றியிருக்கிறார்.

"கும்பிடுறதைப் போய் அடிப்பாங்களா?" என்று பெரியம்மா குறுக்கே கையை நீட்டியிருக்கிறாள்.

"கும்பிட்டுக்கிட்டு வர்றவனைத்தான் முதல்ல அடிக்கணும்" என்றாராம் சூப்பர்வைசர்.

அதை அவள் சாப்பாட்டு டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பிஸ்கட் வாங்கிய பிளாஸ்டிக் ஜாடி, வாயில் கட்ட வலைத்துணி, தொங்குவதற்கு ஒரு குச்சி. தலையைத் திருப்பித் திருப்பி எங்கள் எல்லாரையும் சந்தேகமாகப் பார்த்ததால் அதற்கு வாத்தியார் என்று பெயர் வைத்தோம். ஈ, அந்துப்பூச்சி, கரப்பான் குஞ்சு என்று பெரியம்மா பிடித்துப் போட்டாள். "நம்ம வீட்ல கரப்பானுக்கே தட்டுப்பாடு வந்துடுச்சு" என்று அம்மா சிரித்தாள். அம்மா அந்த ஜாடிகளைப் பார்த்துச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

கும்பிடுபூச்சி மனிதரைச் சும்மா கடிக்காது. பெரியம்மா கடி வாங்கியது அவளுடைய அவசரத்தால். அந்துப்பூச்சியின் இறகைப் பிடித்து ஊட்டிவிட்டு, அந்தத் தூசு ஒட்டிய விரலைத் துடைக்காமல் அப்படியே நீட்டுவாள். பூச்சிக்கு விரலும் இரையாகத் தெரியும். முள் வைத்த முன்கால்களால் அணைத்துப் பிடித்து மென்று தின்னத் தொடங்கிவிடும். விஷமெல்லாம் கிடையாது. வெடுக்கென்று கையை இழுத்தால்தான் ஆபத்து, பூச்சியின் கால் பிய்ந்துவிடும். அசையாமல் இருந்தால் ருசி பிடிக்காமல் தானே விட்டுவிடும். நானும் கடி வாங்கியிருக்கிறேன். ஊசி குத்துவதைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். ஆனாலும் கையை இழுக்காமல் என்னால் இருக்க முடிந்ததில்லை. பெரியம்மா மட்டும் போகப்போகச் சிலைபோல நிற்கப் பழகிவிட்டாள். எவ்வளவு பொறுமை என்று நான் வியந்துபோயிருக்கிறேன்.

வாத்தியாருக்குப் பின் சோம்பேறி வந்தது. அதற்குப் பின் மகாராணி. குஞ்சிலிருந்து வளர்ந்த பச்சைப் பெண்பூச்சி அது. என் நடுவிரலைவிட நீளம், வயிறு பருத்து ராணி மாதிரிதான் இருக்கும்.

மகாராணி கடித்த நாளில் பெரியம்மா கூடத்தில் உட்கார்ந்து அம்மாவோடு வெங்காய விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். பூச்சி இடது கையில் இருந்தது. நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். அதன் ஓரத்தில் ஒரு சிவப்புப் பொட்டு விழுந்தது.

"அக்கா, கை!" என்று அம்மா கத்தினாள்.

மகாராணி சுண்டுவிரல் நுனியை நிதானமாக மென்றுகொண்டிருந்தது. பெரியம்மா குனிந்து பார்த்தாள். "அடிப்பாவி, எப்போ ஆரம்பிச்சே?" என்று பூச்சியைக் கேட்டாள்.

"வலிக்கலையா?"

"இல்லையே."

அம்மா விரலைக் கிள்ளினாள், பிறகு அழுத்திக் கிள்ளினாள். பெரியம்மா அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "விஷம் ஏறிடுச்சு, விரல் மரத்துப்போச்சு" என்று அம்மா முடிவு கட்டினாள். மருந்துக்கடைக்காரரும், "பூச்சி கடியா? சில பேருக்கு இப்படி ஆகும்" என்று சொல்லி ஒரு களிம்பைக் கொடுத்தார். எங்கள் எல்லாருக்கும் அது போதுமானதாக இருந்தது. கடிதான் காரணம் என்றால் கடி ஆறினால் எல்லாம் சரியாகிவிடும் அல்லவா? பெரியம்மாவும் அதைத்தான் பிடித்துக்கொண்டாள். "இறங்கிடும்டி, விஷம்னா இறங்கித்தானே ஆகணும்" என்று சொல்லிக்கொண்டே தினமும் களிம்பு தடவினாள். அம்மாவின் வற்புறுத்தலால் மகாராணியைப் பேருந்து நிறுத்தத்துப் பக்கத்துச் செடிவேலியில் கொண்டுபோய் விட்டோம்.

களிம்பு தீர்ந்து, இன்னொன்று வாங்கி, அதுவும் தீர்ந்தது. புண் எப்போதோ ஆறிவிட்டது. விரல்கள் ஆறவில்லை.

பிறகு ஒருநாள் சலவை நிலையத்தில் கருகும் நாற்றம் வந்திருக்கிறது. விரிப்புத்தான் தீய்கிறது என்று நினைத்து ஆளாளுக்குத் தங்கள் மேசையில் தேடியிருக்கிறார்கள். பெரியம்மாவும் தேடியிருக்கிறாள். அவளுடைய இடது கை, இஸ்திரிப் பெட்டி வைக்கும் சூடான தட்டின் விளிம்பில் பதிந்திருந்தது. நாற்றம் அங்கிருந்துதான் வந்தது. சூப்பர்வைசரே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து விட்டார்.

புண்ணுக்குக் கட்டுப் போட்டவர்கள் எங்களை வேறு டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் பெரியம்மாவைக் கண்ணை மூடச்சொல்லிப் பேனா முனையால் கையில் அங்கங்கே தொட்டு, தொடும்போதெல்லாம் சொல்லச் சொன்னார். பெரியம்மா பரீட்சை எழுதுகிறவள் போலக் குத்துமதிப்பாகச் சொன்னாள். அவர் தொடாதபோதும் "இப்போ" என்றாள். முழங்கைக்குக் கீழே வெளிறிய தேமல் ஒன்று இருந்தது. சலவைத்தூள் பட்டு வந்தது என்று அவள் விட்டுவிட்ட தேமல் அது. அங்கேயும் உணர்ச்சி இல்லை.

தொழுநோய் என்று டாக்டர் சொன்னார். முழுக்கக் குணமாகிற நோய்தான், மாத்திரை இலவசம், மருந்து தொடங்கிவிட்டால் யாருக்கும் தொற்றாது என்றும் சொன்னார். பெரியம்மாவின் காதில் முதல் சொல்லைத் தவிர வேறெதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை.

"பூச்சி கடிச்சதிலிருந்துதாங்க இப்படி" என்றாள்.

"பூச்சி கடிச்சா வலிக்கணும்மா. கடிச்சும் வலிக்கலைன்னா, உணர்ச்சி அதுக்கு முன்னாடியே போயிருக்கு."

அப்போதுதான் என் பக்கம் திரும்பி அந்தக் கேள்வியைக் கேட்டார்.

வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் இரண்டு பேரும் யோசித்தோம். மாதமும் தேதியும் எங்களுக்குப் பிடிபடவில்லை. பூச்சிகள்தான் ஞாபகத்துக்கு வந்தன. வாத்தியார் முதல்முறை கடித்தபோது பெரியம்மா போட்ட கூச்சலில் மாடி வீட்டுக்காரர் இறங்கி ஓடிவந்தார். அது நன்றாக நினைவிருக்கிறது. சோம்பேறி குட்டியாக இருந்தபோது உள்ளங்கையில் ஏறினால், "ஐயோ, குத்தாதடா தடியா" என்பாள். கடைசித் தோலை உரித்து அதற்கு இறக்கை முளைத்த பிறகு?

"அப்பவும் திட்டினேனே" என்றாள் பெரியம்மா.

"இல்ல பெரியம்மா. இறக்கை வந்த பிறகு நீ அதைத் திட்டவே இல்ல."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சோம்பேறிக்கு இறக்கை முளைத்தது, அது செத்தது, குளிர்காலம் முடிந்தது, மகாராணி குஞ்சாக வந்து முழுதாக வளர்ந்தது, கடித்தது, அதற்குப் பின் களிம்பு. எப்படிக் கணக்குப் போட்டாலும் ஒரு வருஷத்துக்கு மேல் வந்தது. நான் பொறுமை என்று நினைத்தது இதைத்தான். அஸ்பெஸ்டாஸ் என்று அவர்கள் சிரித்ததும், கடைசி ஒரு வருஷமாவது, இதைத்தான்.

அடுத்த முறை போனபோது டாக்டரிடம் அதைச் சொன்னோம். பூச்சிக் கணக்கைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை. நரம்புக்கும் மாத்திரை எழுதினார், "பார்ப்போம்" என்றார்.

மாத்திரை தொடங்கிய பிறகு பெரியம்மா ஒருநாள் வேலைக்குப் போய்ப் பார்த்தாள். அவளுடைய தேநீர்க் குவளை மட்டும் மற்றவற்றோடு இல்லாமல் தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் தனியாக இருந்தது. "முழுசா குணமாகட்டும்க்கா, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சூப்பர்வைசர் தரையைப் பார்த்தபடி சொன்னார். பெரியம்மா குவளையைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

மாத்திரைகள் முடிந்தன. நோய் போய்விட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மடங்கிய விரல்கள் நிமிரவில்லை, உணர்ச்சியும் வரவில்லை. தேநீருக்கும் வேலைக்கும் யாரும் அவளை மறுபடி கூப்பிடவில்லை. சமையல் செய்கிறாள். வேலை முடிந்ததும் இடது கையை விளக்கடியில் பிடித்துக் கொப்புளம் இருக்கிறதா, வெட்டு இருக்கிறதா என்று கண்ணால் தேடுகிறாள். சில நாள் நான் தேடிக் கொடுக்கிறேன்.

அவள் முகம் கொஞ்சம் தெளியட்டும் என்று போன மாதம் நான் ஒரு கும்பிடுபூச்சியைப் பிடித்துவந்தேன். பழுப்பு நிறக் குட்டி. பெரியம்மா பழக்கத்தில் இடது கையைத்தான் நீட்டினாள். பூச்சி என் விரலிலிருந்து தயங்கித் தயங்கி அவள் சுண்டுவிரலில் காலை வைத்து உள்ளங்கைக்குப் போனது. அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏறிடுச்சா?" என்று கேட்டாள்.

"ஏறிடுச்சு, பெரியம்மா."

கொஞ்ச நேரம் கையை அப்படியே வைத்திருந்தாள். "கொண்டுபோய் விட்டுடும்மா. பாவம், அது நடக்குறது எனக்குத் தெரியமாட்டேங்குது" என்றாள். வலது கையில் வாங்கிப் பார்க்கிறாயா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

இதை எழுதி முடித்ததும் பெரியம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "இதை எங்கிட்ட படிச்சு என்ன புண்ணியம்? சூட்டுல வேலை செய்யறவங்ககிட்ட படி" என்றாள். எனக்கு அப்படிப்பட்டவர்கள் நாலைந்து பேரைத்தான் தெரியும். அதனால் உங்களைக் கேட்கிறேன். சமையலறையில், பட்டறையில், சலவைக்கடையில், சுட்டாலும் கையை எடுக்காதவர் என்று எல்லாரும் மெச்சுகிற ஆள் ஒருவர் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அவரிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். பிறகு அவரைக் கண்ணை மூடச்சொல்லி, விரலை மெல்லத் தொட்டுப் பாருங்கள்.