வெள்ளவத்தைக் கடலில் நீந்தப் பழகினேன்

கொழும்பில், காலி வீதியில் எங்களுக்குச் சொந்தமாக ஒரு துணிக்கடை இருந்தது. பெரிய கடை என்று சொல்ல முடியாது. இரண்டு பேர் உள்ளே நின்று சேலை பார்த்தால் மூன்றாமவர் வாசலில் காத்திருக்க வேண்டும். ஆனாலும் அந்தக் கடையை வைத்துத்தான் மகளைப் படிப்பித்தோம், கலியாணம் செய்து கொடுத்தோம், வெள்ளவத்தையில் ஒரு நல்ல மாடி வீட்டில் பல வருடங்கள் வாடகைக்கு இருந்தோம். நாட்டில் எல்லாம் விலையேறி, மின்சாரம் நின்று நின்று வந்த அந்தக் காலத்தில் கடையை மூட வேண்டி வந்தது. என் கணவர் கொட்டாஞ்சேனையில் ஒரு இரும்புக் கடையில் காசாளராகச் சேர்ந்தார். நான் பிள்ளைகளுக்குத் தனியார் வகுப்பு நடத்தும் ஒரு டியூட்டரியில், பின்னேரங்களில் வரவேற்பு மேசையில் இருக்கும் வேலைக்குப் போனேன். மாடி வீட்டை விட்டு, கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு பெரிய வீட்டின் பின்பக்கத்து அனெக்ஸுக்கு மாறினோம். ஒரு அறை, ஒரு குசினி, ஒரு குளியலறை.

சாமான் ஏற்றி வந்த லொறி போன பிறகு கணவர் சொன்னார், "ஒண்டுக்கும் யோசியாதையும். சின்ன வீடெண்டால் கூட்டுறது லேசு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டில் போட்ட பிறகு மிஞ்சிய இடத்தில் நின்றுகொண்டு, இனி யாரை இந்த வீட்டுக்கு வா என்று கூப்பிடுவது என்றுதான் நினைத்தேன்.

என் கணவரின் தங்கை, அதாவது என் மச்சாள், எங்கள் ஒழுங்கைக்குப் பக்கத்தில் எழும்பிய உயரமான மாடிக் குடியிருப்பில் ஒன்பதாவது மாடியில் இருக்கிறாள். அவளுடைய பல்கனியில் நின்றால் கடல் முழுவதும் தெரியும். மொட்டை மாடியில் நீச்சல் குளமும் உண்டு. முன்பெல்லாம் வாரத்துக்கு ஒருமுறையாவது போய்த் தேத்தண்ணி குடித்துக் கதைத்துவிட்டு வருவேன். அனெக்ஸுக்கு வந்த பிறகு போகவே இல்லை. அவள் போன் எடுத்தால் தலையிடி என்பேன், டியூட்டரியில் வேலை கூட என்பேன். சந்தையில் தெரிந்த முகம் ஒன்று கண்ணில் பட்டால் வீதியைக் கடந்து மற்றப் பக்கம் போய்விடுவேன். கோயிலுக்கும் ஆளில்லாத நேரம் பார்த்துத்தான் போனேன். ஒரு வருடம் இப்படியே போனது. உடம்பு பாரம் வைத்தது, பிரஷர் ஏறியது, முழங்கால் நோகத் தொடங்கியது.

"குளிசை தாறன். ஆனா நீங்கள் நடக்க வேணும்," என்றார் டொக்டர். "கடல் பக்கத்தில வீட்டை வைச்சுக்கொண்டு நடக்க இடமில்லை எண்டு மட்டும் சொல்லாதேங்கோ."

அதனால் காலையில் மரைன் டிரைவில் நடக்கத் தொடங்கினேன். அங்கேதான் எங்கள் ஒழுங்கையின் முன்வீட்டுப் பெண்மணி சினேகிதமானாள். முஸ்லிம் பெண், என்னைவிடக் கொஞ்சம் வயது குறைந்தவள். அவளுடைய கணவருக்குப் புறக்கோட்டையில் மொத்த வியாபாரம். காரும் சாரதியும் வீட்டில் நிற்க, அவள் நடக்க வந்ததும் டொக்டர் சொல்லித்தான். அவளுக்குச் சீனி, எனக்குப் பிரஷர். நோயைக் கதைத்துக் கதைத்தே நல்ல கூட்டாளிகள் ஆகிவிட்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரயில் பாதைக்கு அப்பால் கடலில் கொஞ்சப் பெண்கள் கூடி நின்று சத்தம் போட்டுச் சிரிப்பதைக் கண்டோம். எங்கள் வயதுப் பெண்கள். சிலர் எங்களைவிடப் பருமன். நீளக் கை சேர்ட்டும் கறுப்பு டைட்ஸும் போட்டுக்கொண்டு, நெஞ்சளவு தண்ணீரில் நின்று முகத்தை உள்ளே விட்டு விட்டு எடுத்தார்கள். அவர்களுக்கு நடுவில் ஒரு சிங்களப் பெண், முப்பத்தைந்து வயதிருக்கும், ஒவ்வொருவராகப் பிடித்து மிதக்க விட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வங்கியில் வேலை செய்கிறவள் என்றும், ஞாயிறுகளில் பெண்களுக்குக் காசு வாங்காமல் சும்மா நீந்தப் பழக்குகிறாள் என்றும் பிறகு தெரிந்தது.

முன்வீட்டுக்காரி என் கையைப் பிடித்தாள். "அக்கா, நாங்களும் எறங்குவமா?"

"உமக்கென்ன விசரே?" என்றேன்.

"எனக்கும் பயமாத்தான் ஈக்குது. ரெண்டு பேரும் சேந்து பயப்படுவம்."

நான் யாழ்ப்பாணத்தில் கிணற்றடியில் வளர்ந்தவள். அண்ணன்மார் கேணியில் குதித்து நீந்தும்போது படியில் இருந்து அவர்களுடைய உடுப்பைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. கடற்கரையில் இருந்து கூப்பிடு தூரத்தில் இத்தனை வருடம் இருந்தும் கணுக்காலுக்கு மேல் என்னைக் கடல் நனைத்ததில்லை. ஆனாலும் அந்தப் பெண்களின் சிரிப்பு அன்று முழுவதும் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் கடைசியாக அப்படி எப்போது சிரித்தேன் என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

அடுத்த ஞாயிறு கணவரின் பழைய டீ சேர்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். அவர் பேப்பரில் இருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். "எங்கை போறீர், இந்தக் கோலத்தில?"

"கடலுக்கு. நீந்தப் பழக."

"இந்த வயசிலயோ?"

"வேற வயசு என்னட்டை இல்லையே," என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

முதல் நாள் தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் கரையைத் திரும்பிப் பார்த்தேன். முன்வீட்டுக்காரி தலையையும் மூடும் முழுநீள நீச்சலுடை வாங்கிப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். ஆனால் அவளும் என் கையை விடவில்லை. பழக்குகிறவள் என் முதுகுக்குக் கீழே கையை வைத்து, "அக்கே, பய வென்ன எப்பா. மம இன்னவானே," என்றாள். பயப்படாதீர்கள், நான் இருக்கிறேனே என்று அர்த்தம். அவளை நான் நங்கி, தங்கச்சி என்று கூப்பிடத் தொடங்கினேன். நங்கி தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில் "கால் மேலே! கால் மேலே!" என்று கத்துவாள். என் கால் கீழேதான் போகும். உப்புத் தண்ணீரை மூக்காலும் வாயாலும் குடித்துக்கொண்டு எழும்புவேன்.

முன்வீட்டுக்காரி சீக்கிரமே மிதந்துவிட்டாள். ஒரு நாள் கையையும் காலையும் விரித்துக்கொண்டு வானத்தைப் பார்த்து அவள் படுத்திருக்க, நான் பக்கத்தில் நின்று இருமிக்கொண்டிருந்தேன். நெஞ்சுக்குள் பழைய எரிச்சல் வந்தது. அவளுக்கு எல்லாம் லேசாகக் கிடைக்கிறது, எனக்கு மட்டும் ஏன் இப்படி? அடுத்த கணமே எனக்கு நானே வெட்கப்பட்டேன். தண்ணீருக்குத் தெரியுமா யாருக்குக் கார் இருக்கிறது, யாருக்கு இல்லை என்று? அவள் உடம்பைத் தளர்த்தியிருந்தாள், நான் விறைத்துக்கொண்டு நின்றேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

நங்கியும் அதையேதான் சிங்களத்தில் சொன்னாள். "அக்கா, நீங்கள் தண்ணீரோடு சண்டை பிடிக்கிறீர்கள். கழுத்தை விடுங்கள்."

கழுத்தை விட்டேன். காதுகள் தண்ணீருக்குள் போயின. வெளியே எல்லாச் சத்தமும் அடங்கி, என் மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்டது. முதுகுக்குக் கீழே நங்கியின் கை இருக்கிறது என்ற நம்பிக்கையில் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்தபோது அவள் எட்ட நின்று இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள். முன்வீட்டுக்காரி கூக்குரலிட்டாள். "அக்கா மெதக்குறா! அல்லாஹ், அக்கா மெதக்குறா!" நான் திடுக்கிட்டுத் தண்ணீருக்குள் தாண்டு போனேன். ஆனால் சிரித்துக்கொண்டே தாண்டேன்.

பிறகு கடல் குமுறும் மாதங்கள் வந்தன. அலை ரயில் பாதை வரை ஏறியது. இறங்க முடியாது. பழகியதெல்லாம் மறந்துபோகுமோ என்று பயந்து கட்டிலில் படுத்துக்கொண்டு கையையும் காலையும் அடித்துப் பார்ப்பேன். கணவர், "இஞ்சை எனக்கும் கொஞ்சம் இடம் விடும்," என்பார். அந்த மாதங்களில்தான் வேறு சில காரியங்களும் நடந்தன. டியூட்டரியில் ஏதாவது பிழை என்றால் எப்போதும் என் மேல் பாயும் நிர்வாகியிடம் ஒரு நாள், "சேர், ஆறுதலாச் சொல்லுங்கோ, எனக்கு விளங்கும்," என்றேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு சத்தம் போடாமல் ஆறுதலாகவே சொன்னார். நங்கி அனுப்பும் செய்திகளை வாசிக்க வேண்டும் என்று சிங்கள எழுத்து படிக்கத் தொடங்கினேன். பௌர்ணமி விடுமுறையான ஒரு போயா நாளில் அவளையும் முன்வீட்டுக்காரியையும் இன்னும் இரண்டு பெண்களையும் எங்கள் அனெக்ஸுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். கட்டிலை நிமிர்த்திச் சுவரோடு சாய்த்துவிட்டுப் பாய் விரித்தோம். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தேன். முன்வீட்டுக்காரி இனிப்புக்கு வட்டலப்பம் கொண்டுவந்தாள். இடம் போதாமல் என் கணவர் குசினி வாசல்படியில் சாப்பாட்டுக் கோப்பையோடு இருந்து, எல்லோரையும் விட அதிகமாகக் கதைத்தார்.

அவர்கள் போன பிறகு, "நல்லா இருந்தது, என்ன?" என்றார்.

"ஓம்," என்றேன். அந்த அறை எனக்கு உண்மையில் பிடித்துப் போனது அன்றுதான்.

அந்தக் கிழமையே மச்சாள் போன் எடுத்தாள். அவளுடைய பேரப்பிள்ளைக்குப் பிறந்தநாள், மொட்டை மாடியில் கொண்டாட்டம். இந்த முறை எனக்குத் தலையிடி வரவில்லை. இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு இருவரும் போனோம். நீல வெளிச்சத்தில் நீச்சல் குளம் அசையாமல் கிடந்தது. அதைச் சுற்றிக் கதிரைகள் போட்டு எல்லோரும் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கணவரின் உறவுக்காரப் பெண் ஒருத்தி என் கையைத் தடவி, எல்லோருக்கும் கேட்கும்படி, "பாவம், அந்தச் சின்ன அறைக்குள்ள எப்பிடித்தான் சமாளிக்கிறியளோ?" என்றாள்.

ஒரு வருடத்துக்கு முந்தி என்றால் நான் அழுதிருப்பேன்.

"பாவமெண்டு ஒண்டும் இல்லை. நாங்கள் நல்லா இருக்கிறம்," என்றேன். "நான் இப்ப கடலில நீந்தப் பழகிக்கொண்டிருக்கிறன்."

அவள் வாய்க்குள் வைத்த ரோல்ஸைக் கடிக்க மறந்தாள். "கடலிலயோ? நீங்களோ?" பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பினார்கள். யார் பழக்குகிறார்கள், பயமில்லையா, என்ன உடுப்பு என்று கேள்வி மேல் கேள்வி. அறையைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன்.

வெளிக்கிடும்போது மச்சாள் என்னை லிஃப்ட் அருகில் மறித்தாள். "மச்சாள், நான் இந்த வீட்டுக்கு வந்த நாளில இருந்து அந்தத் தண்ணியில கால் வைச்சதில்லை. பிள்ளையள் சிரிக்குங்கள் எண்டு வெக்கம். உங்களோட வந்தா எனக்கும் பழக்குவியளோ?"

இவ்வளவு காலமும் நான்தான் அவளுக்கு முன்னால் கூச்சப்படுவதாக நினைத்திருந்தேன். அவளைக் கட்டிப்பிடித்தேன். "ஞாயிற்றுக்கிழமை காலமை வாரும். கடல் திரும்ப அடங்கிட்டுது."

வந்தாள். முதல் நாள் என்னைப் போலவே அவளும் இடுப்பளவில் நின்று கரையைத் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய முதுகுக்குக் கீழே நான் கையை வைத்தேன். "கழுத்தை விடும் மச்சாள்," என்றேன்.

கரையிலிருந்து கொஞ்சத் தூரத்தில், கடலுக்குள் பாறைத் திட்டாக ஒரு கற்பார் இருக்கிறது. அலை அதில் முட்டி வெள்ளையாக உடைவது வீதியிலிருந்தே தெரியும். அந்தக் கற்பாருக்கு நீந்திப் போய்த் திரும்பி வருகிறவர்களைத்தான் நங்கி நீந்தத் தெரிந்தவர்களாகக் கணக்கில் எடுப்பாள். தை மாதத்து ஞாயிறு ஒன்றில், கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்த காலையில், "அத அக்கா யமு," என்றாள். இன்றைக்குப் போவோம் அக்கா. அவள் முன்னால், முன்வீட்டுக்காரி வலப்பக்கம், நான் இடப்பக்கம். பாதி வழியில் கீழே பார்த்தேன். நிலம் தெரியவில்லை. கரும்பச்சையாக ஆழம். மல்லாந்து படுத்து, மூச்சைச் சரிசெய்து, மறுபடி திரும்பிக் கையை வீசினேன். யாரும் என்னைப் பிடித்திருக்கவில்லை. என் கை, என் கால், என் மூச்சு. விரல் நுனியில் பாசி வழுக்கியதும் கற்பாரைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். என்ன சொல்லிக் கத்தினேன் என்று தெரியாது. முன்வீட்டுக்காரி அழுதாள், சிரித்தாள், என் தலையில் தண்ணீர் அள்ளி ஊற்றினாள்.

திரும்பி வரும்போது களைப்பே தெரியவில்லை. கரையில், இடுப்பளவு தண்ணீரில் நின்ற மச்சாள் இரண்டு கையையும் ஆட்டினாள். அவளுக்குப் பின்னால், காற்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டுத் துவாயோடு என் கணவர். எதற்கும் முன்னால் வந்து நிற்காத அந்த மனிதர், நடக்க வந்தவர்கள், வறுத்த கடலை விற்கிறவர், ரயில் பாதையைக் கடக்கிறவர்கள் எல்லோரையும் மறித்து மறித்து என்னைக் காட்டி, தன்னுடைய அரைகுறைச் சிங்களத்தில் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்:

"ஏ மகே நோனா! பலன்ன, ஏ மகே நோனா!"

அது என் மனைவி, பாருங்கள், அது என் மனைவி. நான் தண்ணீருக்குள் இருந்து எழும்பி, சேர்ட்டில் கடல் வழிய வழிய, அவரை நோக்கி நிமிர்ந்து நடந்தேன்.