அரவேணுவில் ஒரு பெட்ரோல் பங்க்

மேட்டுப்பாளையத்தில் பெட்ரோல் போடாமல் வந்தது என் தப்புதான். மலையேறியதிலிருந்து முள்ளையே பார்த்துப் பார்த்துக் கழுத்து வலிக்கிறது. வளைவுக்கு வளைவு வாந்தியெடுத்த மகள் பின்சீட்டில் தூங்குகிறாள். நடுவழியில் வண்டி நின்றால் இவளை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்?

அரவேணு தாண்டியதும் பனிமூட்டத்துக்குள் சிவப்பாக ஒரு பம்ப் தெரிகிறது. அப்பாடா என்று வண்டியைத் திருப்புகிறேன். பெயின்ட் பிரஷ்ஷோடு ஒரு பெரியவர் நிற்கிறார்.

"ஏனுங்க, பெட்ரோல் வேணுமுங்க."

"இது ஓடாதுங்க. மூடிக் கெடந்த பங்க். எங்கப்பா நடத்தினப்போ இருந்த மாதிரியே மாத்திட்டிருக்கறேன்." சட்டைப் பையிலிருந்து பழைய போட்டோவை எடுத்துக் காட்டுகிறார். அதே பம்ப், அதே தகரக் கூரை.

"பெட்ரோல் இல்லைன்னு ஒரு போர்டாச்சும் வெக்கலாமுங்களே?"

"போட்டோவுல அப்படிப் போர்டு இல்லீங்களே!"

எனக்கு அழுகை வந்துவிடும் போலிருக்கிறது. என் முகத்தைப் பார்த்தவர் பம்புக்குப் பின்னாலிருந்து ஒரு கேனை எடுத்து வருகிறார். "தெனமும் நாலு பேரு இப்படி வந்து நிக்கறாங்க. இன்னைக்கு இதுதான் கடைசிங்க. கோத்தகிரி வரைக்கும் தாங்கும்."

சொட்டு விடாமல் தானே ஊற்றுகிறார். வண்டியைக் கிளப்பியபின் கண்ணாடியில் பார்க்கிறேன். இன்னொரு கார் பம்பைப் பார்த்துத் திரும்புகிறது. அவர் காலிக் கேனோடு நிற்கிறார்.