பூநாரைக்குக் காவல்

படகைத் தண்ணீருக்குள் தள்ளியதும் திருமலை செய்யும் முதல் வேலை பறவைகளைத் திட்டுவது. "டேய் கூழக்கடா, உங்கப்பன் ஊட்டு மீனாடா?" என்று கழியை ஓங்குவார். மார்கழியில் பழவேற்காடு ஏரிக்கு வந்திறங்கும் பூநாரைகளுக்குத் தனி வசவு. "காலப் பாரு, மூங்கிக் குச்சி! சேத்தக் கலக்கிக்கினு நிக்கிறாளுங்க."

காதில் எப்போதும் ஒரு பீடி இருக்கும். ஏரியில் பற்ற வைக்க மாட்டார். மீனுக்கு அந்த வாசம் ஆகாது என்பது அவர் கட்சி.

அப்படிப்பட்டவர் போன மார்கழியில் ஒரு பறவையையும் திட்டாமல் இருந்தார். கும்மிடிப்பூண்டியில் புதிதாக எழும்பும் கம்பெனி ஒன்றுக்கு மிஷின் ஓட்டிக் காட்ட வெளிநாட்டுத் துரை ஒருவர் வந்திருந்தார். இரண்டே நாள் தங்கல். ஊர் திரும்புமுன் பூநாரை பார்க்க வேண்டுமாம். கம்பெனி டிரைவர் தாவீது வந்து சொன்னான்: "வெள்ளிக்கெழம விடிய வருவாரு. நல்லபடியா காட்டி அனுப்பு நைனா. உம் புள்ளைக்கு கம்பெனி கேட்டாண்ட வாச்மேன் வேல. மானேஜரே சொல்லிட்டாரு."

மகன் குப்பனாவது மாதச் சம்பளம் பார்க்கட்டும் என்பது திருமலையின் நெடுநாள் ஆசை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை அவருடைய பாடு. ஏரியில் வலை கட்டும் இடங்களை ஊரார் முறை வைத்துப் பிரித்துக்கொள்வதற்குப் பாடு என்று பெயர். முறை நாளில் போகாதவன், சுற்று முடிந்து மறுபடி தன் முறை வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதுவும் இறால் ஓடும் காலம். "எம் பாட்ட அருணகிரி எடுத்துக்கட்டும்" என்று கூட்டத்தில் திருமலை சொன்னபோது ஊரே சிரித்தது.

அவர் அசரவில்லை. வெயில் துரையின் முதுகுப்பக்கம் விழும்படி படகு போகும் வழியை யோசித்து வைத்தார். வெள்ளைச் சட்டை பறவையை மிரட்டும் என்று கறுப்புப் போர்வை ஒன்று இரவல் வாங்கினார். டீக்கடை நாற்காலியைப் படகில் வைத்துக் கயிற்றால் இறுக்கினார். பூநாரை மேயும் பக்கம் யாரையும் அண்ட விடவில்லை.

"என்னக் கட்டிக்கினு வந்தப்போ நாக்காலி போட்டியா?" என்றாள் மனைவி செல்லியம்மாள். "திட்டுன வாயி, இப்ப காவல் காக்குது!"

"குப்பனுக்கு வேல வர்ற வரிக்கும் காப்பேன். போடி."

வெள்ளிக்கிழமை வெயில் ஏறிய பிறகு தாவீது மட்டும் வந்தான்.

"வர்ற வழில பொன்னேரியாண்ட வயல்ல கொக்குங்க நின்னுச்சு நைனா. எறங்கி படம் புடிச்சாரு. இதே போதும், பிளேனுக்கு நேரமாவுதுன்னுட்டாரு. ஏத்தி உட்டுட்டுதான் வரேன்."

"கொக்கா?"

"கொக்குதான்."

"குப்பன் வேல?"

தாவீது சட்டைப் பொத்தானைத் திருகினான். "மானேஜரு அப்பால பாக்கலாம்னாரு."

திருமலை படகைத் தள்ளினார். தூரத்தில், அவருடைய பாட்டில், அருணகிரியின் ஆட்கள் வலையைத் தூக்கிக் கூச்சலிட்டுக்கொண்டிருந்தார்கள். நல்ல இறால் போலிருக்கிறது.

பூநாரைகள் தலை கவிழ்ந்து மேய்ந்துகொண்டிருந்தன. அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். காதிலிருந்த பீடியை எடுத்து, ஏரி நடுவிலேயே பற்ற வைத்தார். பிறகு கழியை எடுத்துப் படகின் விளிம்பில் ஓங்கி அடித்தார். கூட்டம் மொத்தமும் இளஞ்சிவப்பாக எழும்பிற்று. கடைசிப் பறவை கண்ணுக்கு மறைந்த பிறகும் அவர் அடித்துக்கொண்டே இருந்தார்.