பத்து பவுண்டுப் பெண் மீன்

ஜார்ஜியாவில் நான் பராமரிக்கும் குளத்தின் சொந்தக்காரர் ராய், பிடித்த மீனை அளந்து, எடைபோட்டு, படமெடுத்து, நன்றி சொல்லித் தண்ணீரிலேயே விட்டுவிடுவார். மீன்வளம் படித்த எனக்கே முதல் நாள் மனசு கேட்கவில்லை. லார்ஜ்மவுத் பாஸ் என்னும் அகன்ற வாய் மீனைப் பிரம்மாண்டமாக வளர்ப்பது இங்கே பலருக்கு வாழ்நாள் ஆசை. தின்பதற்கில்லை, ஒருமுறை கையில் ஏந்திப் பார்ப்பதற்கு.

எங்கள் ஊரான தொட்டியத்தில் வாழைத்தோப்பை ஒட்டி அப்பாவுக்கும் மீன்குளம் உண்டு. கோடையில் ஒரே நாளில் வலை இழுத்துக் காலி செய்துவிடுவார். கட்லாவும் ரோகுவும் காலையிலேயே புத்தூர் மீன்கடைகளுக்குப் போய்விடும். பிறகு புதுக்குஞ்சு, புதுக்கணக்கு. எந்த மீனும் அங்கே கிழடானதில்லை.

ராய் எழுபதைத் தாண்டியவர். தானே வெட்டிய குளத்தில் பத்து பவுண்டு மீன் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும் அவருக்கு. நான் நான்கு விஷயங்களைச் சோதித்தேன்: நீரின் நிறம், சுண்ணாம்புச் சத்து, இரை மீன்கள், பாஸின் உடல்வாகு. முதல் இரண்டும் நன்றாக இருந்தன. இரை மீன் குறைவு. பாஸுக்கோ பெரிய தலை, ஒட்டிய வயிறு. சின்ன பாஸ்கள் பெருகி, இருந்த இரையைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. அவற்றைப் பிடித்து அப்புறப்படுத்தச் சொன்னேன். தலையாட்டினார். அடுத்த ஆண்டும் அதே ஒட்டிய வயிறு.

"சின்னதையெல்லாம் எடுத்தீர்களா?"

"இல்லை. நீ கோயில் ஊர்ப் பெண். கொன்றால் உனக்கு வருத்தமாக இருக்குமே என்று..."

தொட்டியம் யாருக்கும் தெரியாது என்பதால் ஸ்ரீரங்கம் கோபுரப் படத்தைக் காட்டி ஊரை விளக்கியிருந்தேன். எனக்காக ஓர் ஆண்டு முழுக்கத் தன் ஆசையையே பட்டினி போட்டிருக்கிறார்! அன்றே அவர் சமையலறையில் அம்மாவின் மிளகாய்த்தூள் போட்டுச் சின்ன பாஸ்களை வறுத்தேன். கண்ணீர் வழிய இரண்டாவது துண்டுக்குக் கை நீட்டினார்.

அதன்பின் அவர் பிடித்த கைக்கடக்கமான பாஸ் எதுவும் குளத்துக்குத் திரும்பவில்லை. பலன் கண்ணில் படாத மாதங்களிலும் ஒவ்வொரு மீனையும் பொறுமையாக அளந்தார். அந்த வயதில் காத்திருக்கத் துணிவதே எனக்குப் பெரிதாகப்பட்டது.

இந்த வசந்தத்தில் அது தூண்டிலில் விழுந்தது. பெண் மீன். ஆண் அந்த அளவு வளராது. தராசு முள் பத்தைத் தாண்டியதும் ராய் தொப்பியைக் கழற்றிவிட்டார். நான் அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன்.

"நாலரை கிலோப்பா!"

"அடேங்கப்பா! முள்ளு பாத்துச் சாப்பிடச் சொல்லும்மா அந்த ஐயாவ."

"திரும்ப விடப்போறோம்ப்பா."

"புடிச்சத விடுறதுக்கா உன்னைப் படிக்க வச்சேன்?" சிரித்தார். பிறகு, "எங்க, கிட்ட காட்டு," என்றார். போனைக் கரையில் சாய்த்து வைத்து, மீனை அதன் அருகே ஏந்திக் காட்டினேன். "என்னம்மா இது, இவ்ளோ அழகா இருக்கு!"

மீனைத் தண்ணீருக்குள் இறக்கினேன்.

"இரும்மா, விட்டுடாத. இன்னொரு தடவ பாத்துக்கறேன்."

"களைத்துவிட்டது, விடு," என்றார் ராய், பக்கத்தில் மண்டியிட்டு.

ஒருவர் சொன்னது மற்றவருக்குப் புரியவில்லை. இரண்டும் புரிந்த என் கைகளுக்கு நடுவே அது செவுளை விரித்து விரித்து மூடிக்கொண்டிருந்தது.