வரிசையில் நின்ற அண்ணன்

நேற்று மத்தியானம் டிவியில், ஏழை இளைஞர்கள் வேலை தேடி அலையும் பழைய படம் ஒன்று ஓடியது. ஆலை வாசலில் நிற்கும் கும்பலில் இரண்டு விநாடி என் அண்ணன் முகம்.

ஆவடி, எண்பதுகள். நான் எட்டாவது படித்தேன். எங்கள் தெருக்கோடி ஆலையில் படம் பிடிக்க வந்தவர்கள், வேலையில்லாதவர்களாக நிற்க ஆள் தேடினார்கள். எங்களிடமா அதற்குப் பஞ்சம்? அண்ணன் அப்போது வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். பதிவு கார்டைப் புதுப்பிக்க அன்றுதான் கடைசி நாள். தவறினால் ஏழு வருடப் பதிவு மூப்பு போய்விடும். ஒரே ஷாட் என்று கூப்பிட்டவர்கள் சாயங்காலம்தான் விட்டார்கள். அதற்குள் அலுவலகத்தைப் பூட்டிவிட்டார்கள்.

அப்பா ஷிப்ட் முடிந்து வந்து, கிரீஸ் போக மண்ணெண்ணெயில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"நைனா, என் மூஞ்சி நெசமாவே வேலையில்லாதவன் மாரி கீதுன்னு டைரக்டரே சொல்லிட்டாரு!"

"கார்டு இன்னாச்சு?"

"நாளிக்குப் போறேன்."

"நாளிக்குப் போனா, அவங்க கணக்குல நீ நாளிக்குப் பொறந்தவன்டா."

பிறகு நான் தேர்வு எழுதி அதே அலுவலகத்தில் எழுத்தரானேன். அண்ணனின் புதிய பதிவை நாள் தவறாமல் நானே புதுப்பித்தேன். ஒரு நேர்காணல் கடிதமும் வரவில்லை. வயது வரம்பு தாண்டியதும், விதிப்படி அவன் பெயரைச் சிவப்பு மையால் அடித்தவனும் நான்தான்.