தயிர் குடித்த எலிகளும் கலைவாணியும்

ரயில் ஆவடியை நெருங்கும்போது கலைவாணியின் தம்பி போன் செய்தார். "அக்கா பூட்டாங்க மேடம். காலைல எழுப்பினோம், எழுந்துக்கவே இல்ல" என்றார். ஆவடியில் இறங்க வேண்டியவள் அம்பத்தூர் வரை போய்விட்டேன்.

டாக்டர் கலைவாணியை உங்களில் பலருக்குக் கூட்டங்களில் பேசியவராகத் தெரியும். என்னோடு ஒரே ஆய்வகத்தில், ஒரே மேசையில் வேலை பார்த்தவள். 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை, மன்னிக்க வேண்டும். ஆவடிக்குப் பக்கத்து வெள்ளானூர்க்காரி. மேடையில் அச்சடித்த தமிழ் பேசுவாள். எலிக்கூண்டின் முன்னால் நின்றாலோ, "இன்னா நைனா, துன்னியா?" என்று ஊர்ப் பேச்சு வந்துவிடும். மதுரையிலிருந்து வந்த நான் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே இருப்பேன்.

நல்ல கிருமிகளைச் சேர்த்துப் புளிக்கவைத்த பால், வயிற்றுப்போக்கைத் தணிக்கிறதா என்று எலிகளில் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு கூட்டத்துக்கு அந்தப் பால், இன்னொன்றுக்குச் சாதாரணப் பால். முடிவு பிரமாதமாக வந்தது. புளித்த பால் குடித்தவை சீக்கிரம் தேறின, எடையும் குறையவில்லை. குழந்தைகளுக்கான பானமாக அதை விற்க ஒரு நிறுவனம் தயாராக இருந்தது. என் ஒப்பந்த வேலையும் அதை நம்பித்தான் இருந்தது. மைசூர் போண்டா வாங்கிவரச் சொல்லிக் கொண்டாடினோம்.

கலைவாணி மட்டும் போண்டாவைத் தொடாமல் எலிகளின் அறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவள் கோட்டின் கை நனைந்திருந்தது. சாதாரணப் பால் குடித்த எலியைத் தூக்கியதும் அது பயத்தில் மூத்திரம் பெய்துவிட்டதாம். மற்றக் கூட்டத்து எலிகளோ தாமாகவே அவள் கையில் ஏறினவாம். காரணம் எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. புளித்த பால் கெட்டியானது. வயிற்றுக்குள் இறக்கும் குழாயில் அடைத்துக்கொள்ளும். அதனால் அதை டிராப்பரில் சொட்டுச் சொட்டாக நக்கக் கொடுத்தோம். சாதாரணப் பால் தண்ணீராக ஓடும் என்பதால் அதைத் தினமும் குழாயைத் தொண்டையில் திணித்தே கொடுத்தோம். பயந்து கிடக்கும் பிராணிக்கு நோய் எப்படிச் சீக்கிரம் ஆறும்?

"நாம தயிருக்கு மார்க் போடலடி செல்வி. குழாய்க்குப் பயந்ததுக்கு மார்க் போட்டுகினு கீறோம்" என்றாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இதை யார் கேட்கப்போகிறார்கள், உனக்கு நிரந்தர வேலை இருக்கிறது, பேசுவாய் என்று கத்தினேன். சோதனையை முதலிலிருந்து செய்வோம் என்றாள் அவள். மறுபடி செய்தால் இன்னும் ஒரு கூட்டம் எலிகளைக் கடைசியில் அறுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். அதை நினைத்துத்தான் அவள் முகம் வாடியது.

"அதுங்க உசுரக் குடுத்து ஒண்ணு சொல்லிட்டுப் போவுதுங்க. நாம வேற ஒண்ணு எழுதிக்கினா நல்லாவா கீது?" என்றாள். நான் போய் டிராப்பர்களை எண்ணி எடுத்து வைத்தேன்.

இரண்டாம் முறை எல்லா எலிகளுக்கும் டிராப்பரில்தான் கொடுத்தோம். பிரமாதமெல்லாம் போய்விட்டது. எடையில் வித்தியாசமே இல்லை. வயிற்றுப்போக்கு மட்டும், புளித்த பால் குடித்தவற்றுக்குக் கொஞ்சம் முன்னதாக நின்றது. அவ்வளவுதான். நிறுவனம் விலகிக்கொண்டது. எனக்கு வேலை போனது. வேறு இடத்தில் கிடைக்க ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

ஆனால் அந்தச் சின்ன வித்தியாசத்தைத் திரையில் பார்த்தபோது அவள் முகம் இருந்த இருப்பை என்னவென்று சொல்வேன்! கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி, ஒரு துளிப் பாலில் ஏறி, ஓர் எலியின் குடலுக்குள் போய் நிஜமாகவே ஏதோ செய்திருக்கிறது. "தம்மாத்துண்டுதான்டி. ஆனா மெய்யாலுமே கீது" என்றாள். கோபமாக இருந்த எனக்கும் உடம்பு சிலிர்த்தது.

இப்போது வேறோர் ஆய்வகத்தில் நான்தான் பொறுப்பு. முடிவு நான் ஆசைப்பட்டபடியே வந்துவிட்டால் எனக்குப் பயமாக இருக்கிறது. எல்லாரும் கை தட்டும்போது எழுந்து எலிகளைப் பார்க்கப் போய்விடுகிறேன். கலைவாணி எனக்கு விட்டுச் சென்றது அந்தப் பயத்தைத்தான். அது என்னைவிட்டுப் போய்விடக் கூடாது.